கட்டை ஆயுள் இலக்கணம்

பாயிரம்

மளிகைக் கடையில் போய் செல் கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "ரிமோட்டுக்கா, கடிகாரத்துக்கா?" அதற்குப் பதில் சொல்லிவிட்டு நாம் ஒன்று கேட்போம்: "எதுண்ணே ரொம்ப நாள் வரும்?"

அவர் அளவு தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறார். ஆனாலும் செல்லின் ஆயுளைப் பற்றிய அறிவு முழுவதும் அவருடைய கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது. எந்தக் கருவிக்குள் போகப்போகிறது என்று தெரியாமல் எந்தச் செல்லுக்கும் ஆயுள் சொல்ல முடியாது. செல்லின் ஆயுளில் பாதி செல்லுக்குள் இருக்கிறது. மறுபாதி அதை உண்ணும் கருவியின் குணத்தில் இருக்கிறது. இதை நிறுவுவதே இச்சிறு நூலின் பொருள்.

இத்தனை சிறிய பொருளுக்கு இலக்கணம் வேண்டுமா எனின், வேண்டும். சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட், ஏசி ரிமோட், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, காய்ச்சல்மானி, கேஸ் கீசர், டார்ச், பிள்ளையின் கார் என்று எண்ணிப் பார்த்தால் நடுத்தர வீடு ஒன்றில் செல் போட்ட கருவிகள் பத்தை ஒட்டி வரும். தீர்ந்துவிட்டதென்று நாம் குப்பையில் போடும் செல்களில் பல உண்மையில் தீராதவை. காசும் வீண், மண்ணுக்கும் கேடு. வீட்டுக்குள் நடக்கும் இந்த அழிவை நிறுத்த அறிவு ஒன்றே போதும், செலவு ஏதுமில்லை.

பெயர் இயல்

ஊர்ப்புறத்தில் இதன் பெயர் கட்டை. 'ரெண்டு கட்டை லைட்டு, மூணு கட்டை லைட்டு, அஞ்சு கட்டை லைட்டு' என்று டார்ச்சின் தகுதியையே கட்டையை எண்ணித்தான் சொல்வார்கள். நகரத்தில் இது செல். பேட்டரி என்ற சொல் பல செல்களின் அடுக்கைக் குறிப்பது. அந்தக் கணக்கில், மைக்கிலும் மல்டிமீட்டரிலும் போடும் சதுர 9 வோல்ட் பெட்டியே உண்மையான பேட்டரி, அதற்குள் 1.5 வோல்ட் செல்கள் ஆறு இருக்கின்றன.

செல்லின் உடம்பில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். படித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆர்20 என்றால் டார்ச்சின் பெரிய கட்டை. ஆர்6 என்றால் கடிகாரச் செல். ஆர்03 என்றால் ரிமோட் செல். எழுத்துக்கு முன்னால் ஓர் 'எல்' சேர்ந்து எல்ஆர்6 என்றிருந்தால் அது அல்கலைன். முன்னால் எந்த எழுத்தும் சேராமல் வெறும் ஆர்6 என்றிருந்தால் அது பழைய கரிச் செல் வகை. உறையின் நிறத்தையும் விளம்பர வாசகத்தையும் விட நம்பத்தக்கது இந்த ஒற்றை எழுத்து.

கட்டைகளின் எண்ணிக்கை பற்றி ஒரு பிழையை இங்கேயே நீக்கிவிட வேண்டும். அஞ்சு கட்டை லைட்டு ரெண்டு கட்டை லைட்டைவிட நெடுநேரம் எரியும் என்று பலர் நம்புகிறார்கள். வரிசையாக அடுக்கும்போது கூடுவது வோல்ட் மட்டுமே. பல்பு இழுக்கும் மின்னோட்டம் ஒன்றாக இருந்தால் ஐந்து கட்டையும் இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில்தான் ஓயும். ஐந்துக்கு வெளிச்சம் அதிகம், தூரம் அதிகம், ஆயுள் அதிகமில்லை.

உறுப்பியல்

1866-ல் பிரான்சின் ஜார்ஜ் லெக்லாஞ்சே ஒரு கண்ணாடிச் சாடியில் நவச்சாரக் கரைசலை ஊற்றி, ஒரு பக்கம் துத்தநாகத்தையும் மறுபக்கம் மாங்கனீசு டை ஆக்சைடு சூழ்ந்த கரித்தண்டையும் வைத்தார். மின்சாரம் வந்தது. ஆனால் சாடியைச் சாய்த்தால் சிந்தும். 1886-ல் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அந்தக் கரைசலைப் பாரிஸ் சாந்தோடு குழைத்துக் கெட்டியாக்கி, துத்தநாகத்தையே கிண்ணமாகச் செய்து அதற்குள் அடைத்தார். நம் டார்ச்சின் கட்டை இந்தக் கிண்ணத்தின் நேர் வாரிசு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கரிச் செல்லில் துத்தநாகம் உணவு, அதுவே பாத்திரமும்கூட. செல் உழைக்க உழைக்கப் பாத்திரம் கரைகிறது. ஓய்ந்த கரிச் செல்லைக் கருவிக்குள்ளேயே மறந்துவிட்டால் ஓட்டை விழுந்து ஒழுகிச் சுருள்கம்பியை அரித்துவிடுவது இதனால்தான்.

அல்கலைன் செல்லில் இந்த அமைப்பு உள்ளது வெளியாகவும் வெளியுள்ளது உள்ளாகவும் மாறியது. துத்தநாகம் பொடியாகி நடுவுக்குப் போனது. மாங்கனீசு கலவை சுற்றி அமர்ந்தது. நவச்சாரத்தின் இடத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வந்தது. எல்லாவற்றுக்கும் மேல் எஃகு உறை. பொடிக்குப் பரப்பு அதிகம். பரப்பு அதிகமானால் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் தர முடியும். 1950களில் அமெரிக்காவின் எவரெடி ஆய்வகத்தில் இதை உருவாக்கியவர் லூயிஸ் அர்ரி. மேலதிகாரியை நம்பவைக்க அவர் இரண்டு பொம்மைக் கார்களை வாங்கினார். ஒன்றில் கரிச் செல்லையும் மற்றொன்றில் தம் செல்லையும் போட்டு, நிறுவனத்தின் உணவுக்கூடத் தரையில் ஓடவிட்டார். கரிச் செல் கார் சற்றுத் தூரத்தில் நின்றுவிட்டது. அவருடையது பார்த்தவர்கள் சலிக்கும்வரை ஓடியது. அர்ரி சோதனைக்குக் கடிகாரத்தை எடுக்கவில்லை, காரை எடுத்தார் என்பதை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். கடிகாரத்தை எடுத்திருந்தால் இரண்டு செல்லுக்கும் வேறுபாடு தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

மூன்றாவது வகை, சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. இதன் அழுத்தம் 1.2 வோல்ட். பழைய வகை சும்மா கிடந்தாலே மாதக்கணக்கில் வற்றிவிடும். 2005-ல் சான்யோவின் எனலூப் வந்த பிறகு, ஓராண்டு கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜைக் காக்கும் செல்கள் பரவலாயின. நான்காவது வகை லித்தியம். கடிகாரச் செல் அளவில் இது நம் கடைகளில் அரிது. பட்டன் வடிவில் வீடெங்கும் இருக்கிறது.

இனிக் கொள்ளளவு. கடிகாரச் செல் அளவில், மெதுவாக எடுத்தால் கரிச் செல் 1,000 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித் தரும். அல்கலைன் 2,000 முதல் 2,800 வரை. நிக்கல் வகை 1,900 முதல் 2,500 வரை. லித்தியம் 3,000 அளவில். 'மெதுவாக எடுத்தால்' என்ற நிபந்தனையை யாரும் விட்டுவிடக் கூடாது. இந்த நூலின் ஆணிவேர் அதுதான்.

உண்போர் இயல்

கருவிகளை அவை உண்ணும் முறையால் நான்காகப் பிரிக்கலாம்: சொட்டுச் சொட்டாக நக்குவன, அவ்வப்போது கொறிப்பன, மிடறு மிடறாகக் குடிப்பன, விழுங்குவன.

நக்குவனவற்றில் தலையாயது சுவர்க் கடிகாரம். அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கி, நொடிக்கு ஒரு துடிப்பாக்கி முள்ளைத் தள்ளுகிறது கடிகாரம். சராசரியாக அது இழுப்பது 0.1 மில்லி ஆம்பியர் அளவே. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் 876 மில்லி ஆம்பியர் மணி. கரிச் செல் ஒரு பொங்கலுக்குப் போட்டால் அடுத்த பொங்கல்வரை வருவது எப்படி என்பதற்கு இதுவே விடை. டிக்டிக் என்று சத்தமில்லாமல் முள் வழுக்கிக்கொண்டே போகும் கடிகாரம் இன்னும் கூடுதலாக உண்ணும். அல்கலைன் போட்டால் இரண்டரை, மூன்று ஆண்டு வரலாம். ஆனால் அவ்வளவு காலம் யாரும் மூடியைத் திறந்து பார்க்கமாட்டார்கள், ஒழுகினால் தெரியாது. எனவே கடிகாரத்துக்குக் கரிச் செல் போதும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது முறை.

கொறிப்பது ரிமோட். விசையை அழுத்தும்போது மட்டும் அகச்சிவப்பு விளக்கு நொடிக்கு ஏறக்குறைய 38,000 முறை மின்னிச் செய்தி அனுப்புகிறது. மற்ற நேரமெல்லாம் தூக்கம். ஒரு வீட்டில் நாளைக்கு 200 அழுத்தம், ஒவ்வொன்றும் அரை நொடி, அப்போது சராசரியாக 20 மில்லி ஆம்பியர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் மணிதான் வருகிறது. ரிமோட் அளவுக் கரிச் செல்லில் 400 இருந்தாலும் இரண்டாண்டுக்குப் போதும். கரிச் செல் கடையில் சும்மா இருந்தாலே இரண்டு மூன்றாண்டில் மூத்துவிடும். ஆக, ரிமோட்டில் செல் பெரும்பாலும் உழைத்துச் சாவதில்லை, முதுமையில் சாகிறது. அதற்கு விலை கூடிய செல் வாங்குவது வீண்.

மிடறாகக் குடிப்பன டிரான்சிஸ்டர் ரேடியோவும் டார்ச்சும். ரேடியோ மிதமான சத்தத்தில் 40 மில்லி ஆம்பியர் இழுத்தால், 800 தரும் கரிச் செல் 20 மணி நேரம் பாடும். 2,000 தரும் அல்கலைன் 50 மணி நேரம் பாடும். அல்கலைன் விலை கரியைப் போல இரண்டு மூன்று மடங்கு; ஆயுளும் இரண்டரை மடங்கு. ஆக, ரேடியோவில் இரண்டும் ஒன்றே. பழைய பல்பு டார்ச் அரை ஆம்பியர்வரை இழுக்கும். அதில் பெரிய கரிக்கட்டைகூடச் சில மணி நேரமே தாங்கும். எல்இடி டார்ச் மிகக் குறைவாகக் குடிக்கிறது. டார்ச்சின் ஆயுள் கூடியதற்குக் காரணம் விளக்கு திருந்தியது.

விழுங்குவன பொம்மைக் காரும் கேமராவின் பளிச்சு விளக்கும். காரின் மோட்டார் ஓர் ஆம்பியர் அளவு கேட்கும். 1,000 மில்லி ஆம்பியர் மணி உள்ள கரிச் செல் ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டாமா எனின், ஓட்டாது. அரை மணி நேரம்கூட நில்லாது. அல்கலைனும் தன் 2,500-ஐ இங்கே தருவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். 2,000 எழுதிய நிக்கல் செல்லோ இரண்டு மணி நேரத்தை நெருங்கும். கொள்ளளவு குறைந்தது கூடியதை வெல்வது எப்படி?

விடை உட்தடையில் இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் தான் தரும் மின்சாரத்தைத் தானே சற்றுத் தடுக்கிறது. அந்தத் தடை அரை ஓம் என்று கொள்வோம். ஓர் ஆம்பியர் எடுத்தால் அரை வோல்ட் செல்லுக்குள்ளேயே வெப்பமாகப் போய்விடுகிறது; 1.5 என்பது 1.0 ஆகிறது, கார் நின்றுவிடுகிறது. அதே செல்லில் 0.1 மில்லி ஆம்பியர் எடுத்தால் உள்ளே இழப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கார் 'செத்துவிட்டது' என்று சொன்ன செல்லைக் கடிகாரம் 'உயிரோடிருக்கிறது' என்று சொல்லும். இரண்டு சாட்சியும் உண்மையே. நிக்கல் செல்லின் உட்தடை மிகக் குறைவு. ஆகவே அது விழுங்குவோர்க்கு ஏற்றது. மின்னோட்டத்தை இரட்டித்தால் ஆயுள் பாதியைவிடவும் குறையும் என்பதை ஈயச் செல்களுக்கு 1897-லேயே ஜெர்மனியின் பியூக்கர்ட் விதியாக்கிவிட்டார். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி இன்றும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கிறது.

ரத்த அழுத்தக் கருவியைத் தனியே சொல்ல வேண்டும். கைப்பட்டைக்குக் காற்றடிக்கும் பம்பு விழுங்கும் இனம். அதில் கரிச் செல் போட்டு நடுவில் ஓய்ந்தால், முதியவர் ஒருவர் அன்றைய அளவு தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அங்கே நல்ல அல்கலைன் போடுவது வீண்செலவாகாது.

மருத்துவ இயல்

செல்லுக்கு நம் வீடுகளில் வழங்கும் மருத்துவம் ஐந்து: தட்டுதல், உருட்டுதல், ஓய்வு, வெயில், கடித்தல்.

ரிமோட்டை உள்ளங்கையில் தட்டுவதும் செல்லை இருந்த இடத்திலேயே உருட்டுவதும் பயனுள்ளவை. சுருள்கம்பியின் மேல் படிந்த மெல்லிய துரு உராய்வில் விலகுகிறது. நோய் செல்லுக்கு இல்லை, தொடுமுனைக்கு. உலர்ந்த துணியால் முனையைத் துடைப்பது இதைவிடச் சிறந்த மருத்துவம்.

ஓய்வு உண்மையிலேயே மருந்து. என் தாத்தா இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்ததும் டார்ச்சைத் திறந்து கட்டைகளைத் திண்ணையில் வரிசையாக வைப்பார். மறுநாள் வெளிச்சம் சற்றுத் தேறியிருக்கும். கரித்தண்டைச் சுற்றிச் சேர்ந்த வேதிக்கழிவு பரவி விலக நேரம் கிடைத்ததால் அந்தத் தேற்றம். கட்டை புதிதாக எதையும் பெறவில்லை. தன்னிடம் இருந்ததைத் தரும் வழி திறந்தது.

வெயிலில் காயவைத்தால் உயிர் வரும் என்பதில் பாதி உண்மை உண்டு. சூட்டில் வேதிவினை விரைகிறது. உட்தடை சிறிது குறைகிறது. சில நிமிடங்களுக்குச் செல் எழுகிறது. அதே சூடு செல் தன்னைத் தானே தின்பதையும் விரைவுபடுத்தும். பத்து டிகிரி கூடினால் இவ்வகை வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியலின் பொதுக் கணக்கு. ஆகவே சித்திரை வெயில் அடிக்கும் சன்னலோரத்தில் புதுச் செல்லை வைக்கக் கூடாது. பிரிட்ஜிலும் வேண்டாம், ஈரம் படியும். அலமாரியின் நிழல் போதும்.

பல்லால் கடிப்பது கூடவே கூடாது. அழுந்தும்போது உள்ளிருக்கும் கலவை நெருங்கிக் கொஞ்சம் மின்சாரம் வரலாம். ஆனால் வாய்க்கும் அந்தக் கலவைக்கும் நடுவே இருப்பது மெல்லிய தகடு மட்டுமே.

அல்கலைனுக்கு ஒரு நோயறி முறை உண்டு. இரண்டு விரற்கடை உயரத்திலிருந்து தட்டைப் பக்கம் கீழாக மேசைமேல் செங்குத்தாக விட வேண்டும். புதியது தொப்பென்று நிற்கும், பயன்பட்டது துள்ளும். கூழாக இருந்த துத்தநாகப் பொடி ஆக்சைடாகி இறுகுவதால் துள்ளுகிறது. 2015-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். செல் பாதி தீர்வதற்குள்ளேயே துள்ளல் உச்சத்தை எட்டி அங்கேயே நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். எனவே துள்ளும் செல் புதியதல்ல என்று மட்டுமே சொல்லலாம். செத்தது என்று சொல்லக் கூடாது. துள்ளியதற்காகத் தூக்கி எறியப்பட்ட செல்லுக்குள் பாதி உயிர் இருந்திருக்கலாம்.

வாரிசு இயல்

மேலே கூறியவற்றால் பெறப்படும் விதி இது: செல் விழுங்குவோரிடம் தொடங்கி, குடிப்போர், கொறிப்போர் வழியாக வந்து, நக்குவோரிடம் முடிய வேண்டும். காரில் தளர்ந்த அல்கலைன் ரேடியோவுக்குப் போகட்டும். ரேடியோ கரகரத்தால் கடிகாரத்துக்குப் போகட்டும். அங்கே அது இன்னும் பல மாதம் நொடி எண்ணும். நேரடியாகக் குப்பைக்குப் போக எந்தச் செல்லுக்கும் நியாயமில்லை.

இந்த வரிசைக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. அளவு மாறக் கூடாது. ஆர்6 ஆர்6-க்கே, ஆர்03 ஆர்03-க்கே. ஒரு கருவியில் இருக்கும் செல்கள் ஒன்றாகப் போட்டு ஒன்றாக எடுக்கப்பட வேண்டும். பழையதையும் புதியதையும் சேர்த்தால், முந்தி ஓய்ந்ததை மற்றது தலைகீழாகத் தள்ளி ஒழுகவைக்கும். போட்ட தேதியைச் செல்லின் மேலேயே எழுத வேண்டும். எங்கள் வீட்டில் நெடுநாளாக இது வழக்கம், இழுப்பறையில் உருளும் செல் எதன் வயதும் எங்களுக்குத் தெரியாமலில்லை.

கடிகாரத்தின் கடைசி மூச்சை அறியவும் ஓர் அடையாளம் உண்டு. நொடிமுள் பெரும்பாலும் ஒன்பதுக்கு அருகே நின்று துடிக்கும். அந்த இடத்தில் முள் படுக்கையாக நீண்டு தன் எடையை மேலே தூக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வலு போதவில்லை. ஒன்பதருகே துடிப்பு கண்டால் அந்தச் செல் தன் கடமையை முடித்தது.

ஈற்றியல்

முடிந்த கட்டைக்கும் நம்மூரில் ஒரு காலத்தில் வேலை இருந்தது. உள்ளே இருக்கும் கரியை ஊமத்தை இலையோடு அரைத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசுவார்கள்; கரித்தண்டால் பிள்ளைகள் தரையில் கோடு போடுவார்கள். அக்காலச் செல்களில் பாதரசமும் இருந்தது என்பதை அன்று நமக்கு யாரும் சொல்லவில்லை. இன்று உடைக்க வேண்டாம். ஒழுகிய அல்கலைனின் வெள்ளைப் பூவைக் கையுறையோடு எடுத்து, எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டு முனையைத் துடைத்து உலர்த்தினால் கருவி பிழைக்கும்.

முடிந்த செல்லைச் சமையல் குப்பையோடு சேர்க்கக் கூடாது. இந்தியாவின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, வீட்டுச் செல்களையும் உள்ளடக்கியவை. திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தவை. பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை நம்மேல் வைத்தவை. ஒரு மூடிபோட்ட டப்பா போதும். பட்டன் செல்லை மட்டும் ஒரு கணமும் வெளியே விடக் கூடாது. குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். ஐயம் வந்த உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வாசகர் இன்று செய்ய வேண்டியது ஒன்றே. வீட்டு இழுப்பறையைத் திறந்து, ஒழுகாமல் ஊதாமல் இருக்கும் ஆர்6 செல்கள் எல்லாவற்றையும் எடுங்கள். ஒவ்வொன்றாகச் சுவர்க் கடிகாரத்தில் போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள். கடிகாரம் ஓடினால் அந்தச் செல்மேல் தேதி எழுதுங்கள். நின்றால் மட்டும் டப்பாவில் போடுங்கள். அதுவரை எந்தச் செல்லையும் செத்தது என்று சொல்லாதீர்கள்.